ஃபுட்டேஜைப் பார்க்காமல் விலை சொல்லாதீர்கள்

வாசகர் கேள்வி – பதில்: வீடியோ எடிட்டிங் கூலி

வீட்டிலிருந்தோ சின்ன அறை எடுத்தோ தனியாக வீடியோ எடிட்டிங் செய்கிறவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில். பதில்களில் வரும் தொகைகள் கணக்கு விளங்குவதற்காக எடுத்துக்கொண்டவை. உங்கள் ஊரின் செலவைப் போட்டு ஒருமுறை நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.

கல்யாண ஸ்டூடியோக்களுக்கு எடிட் செய்துகொடுக்கிறேன். முழு வீடியோ, 5 நிமிட ஹைலைட்ஸ் இரண்டும் சேர்த்து ஒரு கல்யாணத்துக்கு 12,000 ரூபாய் தருகிறார்கள். முகூர்த்த மாதங்களில் தூக்கமே இல்லை. ஆனாலும் வருஷக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்பதில்லை. 12,000 நியாயமான கூலியா?
– வாசகர், ஈரோடு

இரண்டு விஷயம் தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. உங்கள் ஒரு மணி நேரத்துக்கு என்ன விலை? ஸ்டூடியோ தரும் ஹார்ட் டிஸ்க்கில் எத்தனை மணி நேர ஃபுட்டேஜ் (கேமராவில் எடுத்த, இன்னும் வெட்டாத வீடியோ) இருக்கிறது?

முதலில் மணி நேர விலை. வீட்டுக்கு மாதம் 35,000 ரூபாய் தேவை என்று வைத்துக்கொள்வோம். கம்ப்யூட்டரும் மானிட்டரும் சேர்ந்து 1,60,000 ரூபாய். நான்கு வருஷம் உழைக்கும் என்றால் மாதத்துக்கு 3,350. ஹார்ட் டிஸ்க் வாங்க 2,500. சாஃப்ட்வேர் சந்தா, பிளக்-இன், இசை உரிமம் 3,000 (டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பில் வேலை செய்பவருக்கு இது குறையும்). இன்டர்நெட்டும் கரண்ட்டும் 2,500. யுபிஎஸ் பேட்டரி, ரிப்பேர் 1,000. மருத்துவக் காப்பீட்டுக்கும் அவசரத்துக்கும் 3,000. ஆகமொத்தம் மாதம் 50,350 ரூபாய், வருஷத்துக்கு 6,04,200.

இதை மணி நேரத்தால் வகுக்கும்போதுதான் பலர் சறுக்குகிறார்கள். மாதம் 26 நாள், நாளுக்கு 8 மணி என்று 208 மணியால் வகுத்தால் மணிக்கு 242 ரூபாய் வரும். அந்த 242 தப்பு. ஆடியிலும் மார்கழியிலும் இந்துக் கல்யாணங்கள் அநேகமாக நின்றுவிடும். கிறிஸ்தவ, முஸ்லிம் கல்யாணங்களோ யூடியூப் வேலையோ கைவசம் இல்லாதவருக்கு வருஷம் என்பது பத்து மாதம்தான். மாதம் 24 நாள் என்றால் 1,920 மணி. அதிலும் மூன்றில் ஒரு பங்கு போன் பேசுவது, விலை சொல்வது, டிஸ்க் வாங்கி வருவது, பில் அனுப்புவது, பாக்கிக்கு அலைவது என்று போய்விடும். யாரிடமும் காசு வாங்க முடியாத நேரம் அது. மிச்சம் 1,280 மணி. 6,04,200-ஐ 1,280-ஆல் வகுத்தால் மணிக்கு 472 ரூபாய். இதை 470 என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் இறங்கக்கூடிய கடைசிப் படி இது. லாபம் இன்னும் இதில் சேரவில்லை.

இப்போது ஃபுட்டேஜ். ரிசப்ஷன், முகூர்த்தம் இரண்டுக்கும் சேர்த்து இரண்டு டிரெடிஷனல் கேமரா (சடங்கை விடாமல் எடுப்பவை) தலா 7 மணி நேரம், கேண்டிட் கேமராக்களில் (இயல்பான தருணங்களைப் பிடிப்பவை) துண்டு துண்டாக 6 மணி நேரம் என்றால் மொத்தம் 20 மணி நேரம். 4கே, 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்) என்றால் ஒரு மணி நேரம் 45 ஜிபி பிடிக்கும். 20 மணிக்கு 900 ஜிபி. சாதாரண ஹார்ட் டிஸ்க்கில் நொடிக்கு 150 எம்பி வேகம் கிடைத்தாலும் ஒரு காப்பி எடுக்கவே 100 நிமிடம் ஆகும். இரண்டு காப்பி இல்லாமல் வேலையைத் தொடங்கவே கூடாது. கிட்டத்தட்ட 2 டிபி ஒரே கல்யாணத்துக்குப் போய்விடுகிறது. கூலியில் டிஸ்க் செலவைச் சேர்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

உட்கார்ந்து செய்யும் நேரத்தைக் கூட்டுவோம். காப்பியும் சரிபார்ப்பும் 1 மணி (மெஷின் தானாக ஓடும் நேரத்தை விட்டுவிட்டேன்). கேமராக்களை சிங்க் செய்து (ஒரே நேரத்தில் ஓடும்படி பொருத்தி) பிரித்து அடுக்க 3 மணி. இரண்டு கேமராவையும் ஒன்றாக ஓடவிட்டு முழு வீடியோவை வெட்ட 10 மணி. கேண்டிட் ஃபுட்டேஜைப் பார்த்துப் பொறுக்க 6 மணி. பார்க்காமல் பொறுக்க வழியே இல்லை. ஹைலைட்ஸ் வெட்ட 10 மணி. கலர் 5, சவுண்ட் 2, டைட்டில் 1. 3 மணி நேர அவுட்புட்டை முழுதாக ஒருமுறை பார்க்க 3. இரண்டு சுற்று கரெக்‌ஷனுக்கு 4. மொத்தம் 45 மணி.

45-ஐ 470-ஆல் பெருக்கினால் 21,150 ரூபாய். உங்களுக்கு வருவது 12,000, அதாவது மணிக்கு 267. கையில் ஏன் ஒன்றும் நிற்கவில்லை என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

நாளைக்கே 21,000 கேட்டால் ஸ்டூடியோக்காரர் வேறு எடிட்டரைத் தேடுவார். அதனால் விலையை மட்டும் பேசாதீர்கள், வேலையின் அளவையும் சேர்த்துப் பேசுங்கள். கேண்டிட் எடுத்தவரே நல்ல ஷாட்டுகளைப் பொறுக்கித் தனி ஃபோல்டரில் கொடுத்தால் உங்களுக்கு 4 மணி மிச்சம். கலர் கிரேடிங் ஹைலைட்ஸுக்கு மட்டும், முழு வீடியோவுக்கு வெளிச்சத்தைச் சமன் செய்வதோடு சரி என்றால் இன்னொரு 3 மணி குறையும். 38 மணிக்கு 17,860. "இந்த இரண்டும் நீங்கள் செய்துகொடுத்தால் 18,000, எல்லாம் நானே செய்தால் 21,000" என்று இரண்டு விலையை முன்னால் வையுங்கள். வெறும் "கூட்டிக் கொடுங்கள்" என்பதைவிட இந்தப் பேச்சு நிற்கும். எதற்கு எவ்வளவு என்று அவருக்கும் தெரிந்துவிடும், அவர் தன் கஸ்டமரிடம் பேசவும் அது உதவும்.

விலை சொல்வதற்கு முன் கேட்டே தீர வேண்டியவை சில உண்டு. எத்தனை கேமரா, மொத்தம் எத்தனை மணி நேரம், எல்லாம் ஒரே ஃபிரேம் ரேட்டா (நொடிக்கு எத்தனை படம்)? கேமராக்கள் 25-லும் ட்ரோன் மட்டும் 30-லும் எடுக்கப்பட்டிருந்தால் 25 டைம்லைனில் (துண்டுகளை அடுக்கி வெட்டும் பட்டை) ட்ரோன் ஷாட் வெட்டி வெட்டி ஓடும். அதைச் சரிசெய்ய நேரம் வேண்டும். லாக் புரொஃபைலில் (பிறகு கலர் சேர்ப்பதற்காக மங்கலாக எடுக்கும் முறை) வெளிச்சம் போதாமல் எடுத்திருந்தால் நிழலில் நாய்ஸ் என்ற புள்ளிகள் கொட்டும். அதைக் குறைக்கும் எஃபெக்ட் போட்டால் ரெண்டர் நேரம் (முடித்த வீடியோவைக் கம்ப்யூட்டர் ஃபைலாக்கும் நேரம்) பல மடங்கு ஏறும். சொந்தக்காரர் போனில் எடுத்ததைச் சேர்க்கச் சொல்வார்கள். போன் வீடியோவில் ஃபிரேம் ரேட் சீராக இருக்காது, நீளமான துண்டில் போகப் போக உதட்டசைவும் பேச்சும் விலகிவிடும். ஹேண்ட்பிரேக் போன்ற இலவச சாஃப்ட்வேரில் சீரான ஃபிரேம் ரேட்டுக்கு மாற்றிய பிறகே டைம்லைனில் போட வேண்டும். ஒரு கேமராவில் ஆடியோவையே அணைத்து எடுத்திருந்தால் தானியங்கி சிங்க் வேலை செய்யாது, மேளச் சத்தம் ஓங்கும் இடத்தில் அடிக்கும் கையைப் பார்த்துக் கண்ணால் பொருத்த வேண்டியதுதான். இதையெல்லாம் டிஸ்க் வந்த அன்றே பத்துப் பதினைந்து துண்டுகளை ஓடவிட்டுப் பார்த்தால் கண்டுபிடித்துவிடலாம். பார்த்துவிட்டு விலை சொல்லுங்கள்.

யூடியூப் சேனல்காரர் ஒருவர் "ஒரு நிமிட வீடியோவுக்கு எவ்வளவு?" என்று கேட்கிறார். நிமிடக் கணக்கில் விலை சொல்லலாமா? மாதம் 20 ரீல்ஸும் தருவதாகச் சொல்லி ரேட்டைக் குறைக்கச் சொல்கிறார்.
– வாசகி, மதுரை

வெளியே போகும் நிமிடத்தை வைத்து மட்டும் விலை சொன்னால் ஒரு வேலையில் கூடுதலாக வாங்குவீர்கள், அடுத்த வேலையில் நஷ்டப்படுவீர்கள். 10 நிமிட வீடியோ இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று நாற்காலியில் உட்கார்ந்து பேசும் பேட்டி, இரண்டு கேமரா, 40 நிமிட ஃபுட்டேஜ். வெட்டி, சவுண்ட் சரிசெய்து, பெயர்ப் பட்டை போட 4 மணி நேரம். இன்னொன்று பயண வ்லாக், 3 மணி நேர ஃபுட்டேஜ், காற்று இரைச்சல், ஐம்பது இடங்களில் எடுத்த துண்டுகள். பார்க்கவே 3 மணி, கதையாக அடுக்க 5, இசையும் சவுண்டும் 2, கலர், எழுத்து, கரெக்‌ஷன் எல்லாம் சேர்த்து 3. ஆக 13 மணி. உங்கள் மணி விலை 400 என்றால் பேட்டிக்கு 1,600, வ்லாக்குக்கு 5,200. இரண்டுக்கும் நிமிடத்துக்கு இவ்வளவு என்று ஒரே விலை எப்படிப் போடுவது?

அவருக்கு நிமிடக் கணக்குதான் வசதி என்றால் உள்ளே வரும் ஃபுட்டேஜுக்கு ஒரு வரம்பு வையுங்கள். "10 நிமிட வீடியோ, ஃபுட்டேஜ் 1 மணி நேரம் வரை இவ்வளவு, அதற்கு மேல் ஒவ்வொரு அரை மணி நேர ஃபுட்டேஜுக்கும் இவ்வளவு கூடும்." இந்த ஒரு வரியைச் சேர்த்தாலே பெரும்பாலான தகராறு முளைக்காது. வரம்பு இருக்கிறது என்று தெரிந்தால் அவரும் வேண்டாத கிளிப்பை நீக்கிவிட்டு அனுப்புவார்.

தமிழ் சப்டைட்டில் தனி வேலை. தனி விலை போடுங்கள். தானியங்கியாக எழுத்து வந்தாலும் ஊர்ப்பெயர், ஆள் பெயர், வட்டார வழக்கு எல்லாம் தப்பும் தவறுமாக வரும். ஒரு நிமிடப் பேச்சைத் திருத்தி நேரத்தோடு பொருத்த 6 முதல் 8 நிமிடம் ஒதுக்குங்கள். சொல் சொல்லாகத் துள்ளி வரும் ரீல்ஸ் எழுத்து என்றால் அதைவிட அதிகம். பிரீமியர் எடிட்டிங் சாஃப்ட்வேரில் கொம்பும் காலும் இடம் மாறி உடைந்து தெரிந்தால், பிரெஃபரன்ஸில் கிராஃபிக்ஸ் பகுதிக்குப் போய் டெக்ஸ்ட் இன்ஜினைத் தெற்காசிய, மத்திய கிழக்கு மொழிகளுக்கானதாக மாற்றுங்கள். இது தெரியாமல் ஒவ்வோர் எழுத்தையும் போட்டோஷாப்பில் அடித்துக் கொண்டுவந்து ஒட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த நேரத்துக்கு யார் காசு தருவது?

மாதம் 20 ரீல்ஸ் என்பது நல்ல வேலைதான். விலை குறைக்கலாம், ஆனால் உங்களுக்கு உண்மையிலேயே மிச்சமாவதை மட்டும் குறையுங்கள். ஒரே டெம்ப்ளேட், ஒரே ஃபான்ட், ஒரே பின்னணி இசை, ஒரே ஆள் பேச்சு என்றால் ஒரு ரீலுக்கு ஒன்றரை மணி ஆவது ஒரு மணியாகக் குறையும். அந்த அரை மணியை அவருக்கு விட்டுக்கொடுக்கலாம். பதிலுக்கு நீங்கள் கேட்க வேண்டியவை: பணம் மாதத் தொடக்கத்தில் மொத்தமாக வர வேண்டும், ஃபுட்டேஜ் வாரம் ஒருமுறை சேர்ந்து வர வேண்டும், அந்த மாதம் 20 அனுப்பாவிட்டால் மிச்சம் அடுத்த மாதத்துக்கு மட்டும் செல்லும், அதற்கு மேல் இல்லை. கடைசி நிபந்தனை மிக முக்கியம். இல்லாவிட்டால் மூன்று மாதம் சும்மா இருந்துவிட்டு நான்காம் மாதம் 80 ரீல்ஸை ஒரே வாரத்தில் கேட்பார்கள்.

நீளமான வீடியோவிலிருந்து வெட்டி ரீல்ஸ் செய்வது இலவச இணைப்பு கிடையாது. நல்ல இடத்தைத் தேட வேண்டும், 1080-க்கு 1920 அளவில் ஆளை நடுவில் கொண்டுவர வேண்டும், எழுத்து போட வேண்டும். "கூடவே ரெண்டு ரீல்ஸ் போட்டுக் குடுங்க" என்றால் சிரித்துக்கொண்டே அதன் விலையையும் சொல்லுங்கள்.

"சின்ன கரெக்‌ஷன்தான்" என்று சொல்லிச் சொல்லியே ஏழெட்டு தடவை மாற்றச் சொல்கிறார்கள். எங்கே நிறுத்துவது?
– வாசகர், தஞ்சாவூர்

வேலை தொடங்கும் முன் நிறுத்த வேண்டும். கரெக்‌ஷனை மூன்றாகப் பிரித்து முதலிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள். உங்கள் தவறு (பெயரில் எழுத்துப்பிழை, நடுவில் கறுப்பு ஃபிரேம், சவுண்ட் விட்டுப்போனது) எப்போது சொன்னாலும் இலவசம். அவர்களுடைய விருப்ப மாற்றம் இரண்டு சுற்று வரை கூலியில் அடக்கம், மூன்றாவது சுற்றிலிருந்து மணி நேரக் கணக்கு. பாட்டை மாற்றுவது, புது ஃபுட்டேஜ் சேர்ப்பது, நீளத்தை மாற்றுவது ஆகியவை புது வேலை.

சுற்று என்றால் என்ன என்பதையும் சொல்லிவிடுங்கள். வீட்டில் எல்லோரும் பார்த்து முடித்து, வீடியோவில் ஓடும் நேரத்தைக் குறித்து, ஒரே பட்டியலாக ஒருவர் அனுப்புவது ஒரு சுற்று. மாப்பிள்ளை காலையில் இரண்டு, பெண்ணின் அக்கா ராத்திரி மூன்று என்று வாட்ஸ்அப்பில் வாய்ஸ் நோட் அனுப்பினால் அது சுற்றில் சேராது. பார்ப்பதற்கு 720பி அளவில், மூலையில் டைம்கோட் (வீடியோவின் நேரம்) ஓட, உங்கள் பெயர் வாட்டர்மார்க்காகத் தெரிய ஒரு காப்பி கொடுங்கள். முழு 4கே அவுட்புட் எடுப்பது எல்லாம் ஒப்புக்கொண்ட பிறகுதான். 3 மணி நேர வீடியோவை ஒரு பெயர் மாற்றத்துக்காகத் திரும்ப ரெண்டர் போட்டால் ஒரு ராத்திரி போய்விடும்.

கல்யாண வீடியோவில் கரெக்‌ஷன் அதிகம் வருவது மூன்று இடங்களில். மூன்றையும் முன்கூட்டியே அடைக்கலாம். பெயர்களுக்கு அழைப்பிதழின் போட்டோ வாங்கி அதில் உள்ளபடியே போடுங்கள். ஹைலைட்ஸ் பாட்டை வெட்டத் தொடங்கும் முன் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். தாளத்துக்கு வெட்டிய பிறகு பாட்டு மாறினால் பாதிக்கு மேல் திரும்பச் செய்ய வேண்டும். மூன்றாவதுதான் பெரிய தலைவலி: "எங்க பெரிய மாமாவே வரலையே!" தவறாமல் வர வேண்டிய பத்துப் பேரின் போட்டோவை முதலிலேயே கேட்டு வாங்கி மானிட்டர் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். கூட்டத்தில் யார் பெரிய மாமா என்று எடிட்டருக்கு எப்படித் தெரியும்?

ஹைலைட்ஸுக்கு சினிமாப் பாட்டு போடச் சொல்கிறார்கள். யூடியூபில் ஏற்றியதும் காப்பிரைட் கிளெய்ம் வந்தால் என் மேல் பழி வருகிறது.
– வாசகர், சேலம்

வீட்டில் பென் டிரைவில் போட்டுப் பார்ப்பதற்கும் யூடியூபில் ஏற்றுவதற்கும் உள்ள வித்தியாசத்தை முன்பே சொல்லிவிடுங்கள். யூடியூபின் கன்டென்ட் ஐடி என்ற தானியங்கிச் சோதனை பாட்டை அடையாளம் கண்டால் விளம்பர வருமானம் உரிமையாளருக்குப் போகலாம், சில நாடுகளில் வீடியோ தெரியாமலும் போகலாம். இரண்டு வழி கொடுங்கள். அவர் சொல்லும் பாட்டு என்றால் பொறுப்பு அவருடையது என்று எழுத்தில். உரிமம் பெற்ற இசை என்றால் அதன் செலவு பில்லில் தனி வரியாக. சந்தாவில் எடுக்கும் இசைக்கு எந்தச் சேனலில் ஏற்றலாம் என்ற நிபந்தனை உண்டு. உங்கள் சந்தா கஸ்டமரின் சேனலுக்குச் செல்லுமா என்று படித்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

ஒரு விளம்பர நிறுவனத்துக்கு நான்கு வீடியோ முடித்துக் கொடுத்தேன். மூன்று மாதமாகப் பணம் வரவில்லை. சட்டப்படி ஏதாவது செய்ய முடியுமா? டிடிஎஸ் வேறு பிடிப்பதாகச் சொல்கிறார்கள்.
– வாசகி, கோவை

முடியும். பலருக்குத் தெரியாத வழி உத்யம் பதிவு (குறு, சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் பதிவு). வீட்டிலிருந்து தனியாக எடிட்டிங் செய்கிறவரும் சேவை தரும் குறுந்தொழிலாக அதில் பதிந்துகொள்ளலாம். ஆதார், பான் இருந்தால் போதும். அரசுத் தளத்தில் கட்டணம் கிடையாது; கட்டணம் கேட்கும் தளம் இடைத்தரகருடையது. 2006-ஆம் ஆண்டு எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) மேம்பாட்டுச் சட்டப்படி, குறு, சிறு தொழில்களிடம் வேலை வாங்கியவர் ஒப்பந்தத்தில் உள்ள தேதிக்குள், அதிகபட்சம் 45 நாளில் பணம் கொடுக்க வேண்டும். தேதியே பேசவில்லை என்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல் மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டுவட்டியாக. புகாரை மாநில வசதியாக்கக் குழுவிடம் கொடுக்கலாம். தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை, திருச்சியில் இந்தக் குழுக்கள் உள்ளன.

இன்னொரு பிடியும் உண்டு. இந்தக் காலக்கெடுவுக்குள் கொடுக்காத பாக்கியை, அதைக் கொடுத்து முடிக்கும் வரை, அந்த நிறுவனம் தன் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது. பில்லில் உத்யம் எண் இருந்தால் அவர்களுடைய ஆடிட்டரே மார்ச்சுக்கு முன் உங்கள் பணத்தைக் கொடுக்கச் சொல்வார். ஆனால் ஒன்று: வேலை முடிந்து தகராறு வந்த பிறகு பதிந்தால் எதிர்த்தரப்பு அதையே வாதமாக எடுக்கும். இன்றைக்கே பதிந்துவிடுங்கள், எண்ணைப் பில்லிலும் விலைக் கடிதத்திலும் போடுங்கள். பில்லை மெயிலில் அனுப்புங்கள், வீடியோ கிடைத்தது, சரியாக உள்ளது என்ற பதிலையும் மெயிலில் வாங்கி வையுங்கள். நாள் கணக்கு அங்கிருந்துதான் தொடங்கும்.

அடுத்த வேலையிலிருந்து பணத்தை மூன்றாகப் பிரியுங்கள். ஃபுட்டேஜ் வாங்கும்போது 50 சதவீதம், முதல் காப்பி காட்டியதும் 30, மிச்சம் 20 வந்த பிறகுதான் வாட்டர்மார்க் இல்லாத காப்பி. முழுப் பாக்கியையும் கடைசியில் வைத்தால் கடைசி கரெக்‌ஷன் முடிவதே இல்லை.

டிடிஎஸ் பற்றிப் பயப்பட வேண்டாம், அது முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி, தொலைந்த பணம் அல்ல. தொழில்முறைக் கட்டணம் என்ற தலைப்பில் 10 சதவீதம் பிடிப்பார்கள். ஒரே நிறுவனம் ஒரு நிதியாண்டில் தரும் தொகை 50,000 ரூபாயைத் தாண்டும்போது இது பொருந்தும் (2025 ஏப்ரலுக்கு முன் 30,000). பான் கொடுக்காவிட்டால் 20 சதவீதம். பிடித்த தொகை உங்கள் பான் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று வருமான வரித் தளத்தில் பாருங்கள். பிடித்துவிட்டுக் கட்டாமல் விடுகிறவர்களும் உண்டு. நிதியாண்டு முடிந்த பிறகு கணக்குத் தாக்கல் செய்தால் அதிகமாகப் பிடித்தது திரும்ப வரும். ஜிஎஸ்டியைப் பொறுத்தவரை, வருஷ வரவு 20 லட்சம் தாண்டும் வரை சேவை தருபவருக்குப் பதிவு கட்டாயம் இல்லை. பதிவில்லாமல் பில்லில் 18 சதவீதம் போட்டு வாங்குவது குற்றம்.

கனடாவில் தமிழ்க் கல்யாணங்கள் எடுக்கும் ஸ்டூடியோ ஒன்று வேலை தருகிறது. உள்ளூர் ரேட்டை டாலராக மாற்றிச் சொன்னால் போதுமா?
– வாசகர், நாகர்கோவில்

போதாது. உள்ளூரில் இல்லாத செலவுகள் இதில் உண்டு. ஃபுட்டேஜ் இன்டர்நெட்டில்தான் வரும்: 500 ஜிபியை 100 எம்பிபிஎஸ் இணைப்பில் இறக்க, வேகம் குறையாமல் இருந்தாலே 11 மணி நேரம். டொரன்டோ நமக்குக் கோடையில் ஒன்பதரை மணி நேரமும் குளிர்காலத்தில் பத்தரை மணி நேரமும் பின்னால் இருக்கிறது; பேச்சு எல்லாம் ராத்திரியில். ஃபைவர் என்ற ஃப்ரீலான்ஸ் தளம் வழியாக வந்தால் உங்கள் கூலியில் 20 சதவீதம் அவர்களுக்கு, அதாவது 400 டாலர் வேலைக்குக் கையில் 320. நேரடி என்றாலும் வங்கிக் கட்டணமும் மாற்று விகிதத்தில் இழப்பும் உண்டு. கையில் எவ்வளவு வந்து சேர வேண்டும் என்பதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். வெளிநாட்டுப் பணம் வந்ததற்கு வங்கி தரும் சான்றைப் பத்திரப்படுத்துங்கள்.

பழக்கத்தில் 25 ஃபிரேம் டைம்லைன் திறந்துவிடாதீர்கள். அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், கேமராக்கள் பெரும்பாலும் 23.976 அல்லது 29.97-இல் ஓடியிருக்கும். ஃபுட்டேஜ் எதுவோ டைம்லைனும் அதுவே.

உங்கள் பலம் மொழி. பேச்சும் சடங்கும் புரியாத எடிட்டர் அங்கே எது முக்கியம் என்று தெரியாமல் வெட்டுவார். அங்கே நடப்பவற்றில் பல ஈழத்தமிழர் கல்யாணங்கள் என்பதால் கூறைச்சேலை மாற்றி வருவது, ஆலாத்தி எடுப்பது போன்றவை எந்த வரிசையில் வரும் என்று ஒரு முழுக் கல்யாண வீடியோவைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். இந்த அறிவுக்கு விலை உண்டு. அதைக் கேட்கத் தயங்காதீர்கள்.

"ஒரு வேலை இலவசமாகச் செய்து காட்டு, பிடித்தால் தொடர்ந்து தருகிறேன்" என்கிறார்கள். செய்யலாமா?
– வாசகர், விழுப்புரம்

முழு வேலையை இலவசமாகச் செய்ய வேண்டாம். அவர்கள் ஃபுட்டேஜில் ஒரு நிமிடம் மட்டும், வாட்டர்மார்க்கோடு வெட்டிக் காட்டலாம். ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும் சோதனை வேலைக்குப் பாதிக் கூலியாவது கேளுங்கள். முதல் வேலையைச் சும்மா கேட்பவர் இரண்டாவது வேலைக்குக் கால் விலை பேசுவார்.

வீடியோவோடு புராஜெக்ட் ஃபைலும் (எடிட் செய்த மூலக் கோப்பு) கேட்கிறார்கள். கொடுக்கலாமா? பழைய ஸ்டூடியோக்களிடம் ரேட்டை எப்படி உயர்த்துவது?
– வாசகி, திண்டுக்கல்

கூலி பேசும்போதே "கொடுப்பது அவுட்புட் மட்டும்" என்று எழுதிவிடுங்கள். அதற்குப் பிறகும் கேட்டால் தனி விலை. எங்கள் கருத்தில் கூலியில் 30 முதல் 50 சதவீதம் வரை நியாயம். நீங்கள் சேர்த்துவைத்த டைட்டில் டெம்ப்ளேட்டும் கலர் செட்டிங்கும் அதில் போகின்றன, அடுத்த கல்யாணத்தை அதை வைத்தே வேறொருவர் முடித்துவிடலாம். கொடுப்பதானால் அந்த வேலைக்கான டைம்லைனை மட்டும் தனி புராஜெக்ட்டாக எடுத்துக் கொடுங்கள். விலை கொடுத்து வாங்கிய ஃபான்ட்டையும் பிளக்-இன்னையும் சேர்த்துக் கொடுக்க உங்களுக்கு உரிமை இல்லை. அவற்றின் பெயரை எழுதிக் கொடுத்தால் போதும். ஃபுட்டேஜை எத்தனை நாள் வைத்திருப்பீர்கள் என்பதையும் அதே தாளில் போடுங்கள். முடித்துக் கொடுத்து 60 நாள், அதற்கு மேல் என்றால் மாத வாடகை.

ரேட்டை உயர்த்துவதை மார்கழியிலேயே சொல்லிவிடுங்கள். தை பிறந்து முகூர்த்தங்கள் தொடங்கிய பிறகு சொன்னால், ஸ்டூடியோ தன் கஸ்டமரிடம் பழைய விலையில் ஒப்புக்கொண்டிருக்கும், உங்கள் உயர்வு அவருடைய கையிலிருந்து போகும், மறுப்பார். ஏற்கெனவே ஒப்புக்கொண்ட தேதிகளுக்குப் பழைய ரேட், தை 1 முதல் வரும் புது வேலைகளுக்குப் புது ரேட் என்று எழுத்தில் அனுப்புங்கள். கடைசியாகச் செய்த மூன்று கல்யாணங்களுக்கு எத்தனை மணி நேரம் ஆனது என்று குறித்து வைத்த தாளையும் இணையுங்கள். குறித்து வைக்கவில்லை என்றால் அடுத்த வேலையிலிருந்து தொடங்குங்கள்: உட்கார்ந்த நேரம், எழுந்த நேரம், என்ன செய்தீர்கள் என்று ஒரு நோட்டில் மூன்று கட்டம் போட்டால் போதும்.